பைக்குக்கு ஒயில் கூலர் பூட்டலாமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பைக் வைத்திருப்பவர்களின் எண்ணம் மாறிவிட்டது. முன்பென்றால் எஞ்சின் சத்தம் போடத் தொடங்கியதும் கைமாற்றிவிட்டுப் புதியதைப் பார்ப்பார்கள். 2025 இல் தடை தளர்ந்த பிறகும், புதிய பைக்கின் விலையைக் கேட்டவர் பேசாமல் வீட்டுக்கு வந்து பழையதைத் துடைத்து வைக்கிறார். இருக்கிற எஞ்சினை இன்னும் பத்து வருடம் ஓட்ட என்ன வழி என்ற பேச்சு அப்படித்தான் கூடியது. அந்தப் பேச்சில் ஒயில் கூலர் தவறாமல் வந்துவிடும். பூட்டுவதற்கு முன்னும் பின்னும் இங்கே கேட்கப்படும் கேள்விகள் இவை.

ஒயில் கூலரும் ரேடியேற்றரும் ஒன்றுதானே?

வேலை ஒன்று, உள்ளே ஓடுவது வேறு. ரேடியேற்றருக்குள் தண்ணீர் ஓடும். கூலருக்குள் எஞ்சின் ஒயிலே ஓடும். பம்ப் தள்ளிவிடும் ஒயில் ஒரு ஹோஸ் வழியாக வெளியே வந்து, அலுமினியச் செதில்களுக்கு நடுவே உள்ள தட்டையான குழாய்களில் புகுந்து, காற்றில் சூட்டை விட்டுவிட்டு மற்ற ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். அவ்வளவுதான் சங்கதி.

காற்றால் குளிரும் எஞ்சினில் ஒயிலுக்கு இரண்டு வேலை. உரசும் இடங்களைக் காப்பது ஒன்று. பிஸ்டனின் அடியிலும், சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டிலும் சேரும் சூட்டை வாரிக்கொண்டு கீழே இறங்குவது மற்றது. இந்த இரண்டாவது வேலையைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒயில் மட்டம் கால் லீற்றர் குறைந்தால் அந்த அளவுக்குச் சூடு சுமக்கும் ஆளும் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

திருகோணமலை வெயிலுக்கு இது கட்டாயம் வேண்டுமா?

வேண்டாம். 100, 110, 125 சீசீ பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவருக்கு நிச்சயமாக வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே 35, 36 டிகிரி ஏறும். தார் றோட்டின் மேல் இன்னும் கூடும். ஆனால் நாம் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவை ராஜஸ்தானில் 45 டிகிரியில் ஓடுவதற்கும் சேர்த்துத்தான் செய்யப்பட்டவை. நம்முடைய வெயிலை அவை வெயிலாகவே எடுப்பதில்லை.

எஞ்சினைச் சூடாக்குவது வெயிலைவிட, அது எரிக்கும் பெற்றோல். இரண்டு பேரும் மூட்டையுமாக ஏ6 வீதியில் ஹபரணை வரை ஏறத்தாழ 85 கிலோமீற்றர் தூரம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு போனால் சூடு ஏறும். அதே பைக் உவர்மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருவதில் ஒயில் சரியாகச் சூடாகக்கூட நேரம் இருக்காது.

அப்படியானால் யாருக்கு உதவும்?

150 சீசீக்கு மேல், காற்றால் மட்டும் குளிரும் எஞ்சின். நெடுந்தூரம், நல்ல வேகம், பாரம். இந்த மூன்றும் சேர்ந்தால் யோசிக்கலாம். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கியவர்களும் (போர் போடுவது என்பார்கள்), சக்தி கூட்டியவர்களும் இதில் அடங்குவர்.

கம்பனியே கூலர் பூட்டி அனுப்பும் பைக்குகள் உண்டு. பஜாஜ் பல்சர் 220, டீவீஎஸ் அப்பாச்சி ஆர்டீஆர் 200 4வீ, சுசுகி ஜிக்சர் 250, ரோயல் என்பீல்ட் ஹிமாலயன் 411, ஜப்பானிலிருந்து பாவித்ததாக வந்த சுசுகி ஜெபல் 250. இவற்றில் சுசுகிக்குத்தான் இந்த வழியில் பழைய அனுபவம். 1985 இல் வந்த ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 எஞ்சினை அவர்கள் தண்ணீர் இல்லாமல் ஒயிலாலேயே குளிரவைத்தார்கள். பாரம் குறைய வேண்டும் என்பது நோக்கம். உங்களுடையது மேலே சொன்னவற்றில் ஒன்றென்றால் புதிதாக எதையும் பூட்ட வேண்டியதில்லை. இருக்கிற கூலரின் செதில்களுக்குள் மண் அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பலருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

மீன் பெட்டி கட்டி ஓடுகிறேன். எஞ்சின் கொதிக்கிறது. கூலர் பூட்டவா?

இந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம், ஏனென்றால் எஞ்சினை மிகக் கடுமையாகப் பாவிப்பவர்கள் இவர்கள்தான்.

விடியமுன் இறக்கக்கண்டியிலோ சல்லியிலோ மீன் எடுத்து, பெட்டியும் ஐஸும் மீனுமாக ஓர் ஆளின் பாரத்துக்கு மேல் பின்னால் கட்டிக்கொண்டு, ஹொரவப்பொத்தானைப் பக்கமோ கந்தளாய்ப் பக்கமோ ஓடுகிறார்கள். அந்த நீண்ட ஓட்டத்தில் காற்று நன்றாகவே அடிக்கும், எஞ்சின் தாங்கும். கேடு வருவது அதற்குப் பிறகு. ஊருக்குள் புகுந்ததும் ஹோர்ன் அடித்து அடித்து, முதலாம் இரண்டாம் கியரில், கிளச்சைப் பாதி பிடித்தபடி வாசல் வாசலாக நிற்பது. காற்று இல்லை, பாரம் இருக்கிறது, கிளச் தட்டுகள் வழுக்கி உரசுகின்றன. பெரும்பாலான பைக்குகளில் கிளச் எஞ்சின் ஒயிலுக்குள்தான் முங்கிக் கிடக்கிறது. அந்த உரசல் சூடு முழுவதும் ஒயிலுக்கே போகும்.

இப்போது யோசியுங்கள்: கூலர் வேலை செய்யக் காற்று வேண்டும். நீங்கள் நிற்கிற இடத்தில் காற்று இல்லை. ஆகவே இந்த வேலைக்குக் கூலர் பெரிதாகக் கைகொடுக்காது. அந்தக் காசுக்கு முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்துப் போடுங்கள்; அரைக் கிளச் பிடிக்கும் தேவை குறையும். மூவாயிரம் கிலோமீற்றரில் ஒயில் மாற்றுகிறவர் என்றால் இரண்டாயிரத்தில் மாற்றுங்கள். முன் கார்ட்டில் தராசுப் பையையும் தண்ணீர்க் கானையும் தொங்கவிட்டிருந்தால் கழற்றிப் பின்னால் கொண்டுபோங்கள். சிலிண்டருக்குப் போகும் காற்றை அவைதான் மறித்துக்கொண்டு நிற்கின்றன.

எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிறது என்று எப்படி அறிவது? தொட்டாலே சுடுகிறதே?

தொட்டுப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது. கன்னியாக் கிணற்று வெந்நீர் 40 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதற்கே புதிதாக வந்தவர்கள் வாளியைப் பிடித்துக்கொண்டு தயங்குவார்கள். 60 டிகிரிக்கு மேல் எதிலும் கையை வைத்திருக்க முடியாது. நல்ல சுகமாக ஓடும் எஞ்சினே அதைவிட மிக அதிகமாக இருக்கும்.

பார்க்க வேண்டிய அறிகுறிகள் வேறு. சூடானதும் கியர் மாறக் கடினமாவது, நியூட்ரல் விழாமல் அடம்பிடிப்பது, மேட்டில் 'கிண் கிண்' என்ற தட்டல், ஆக்சிலேற்றரைத் திருப்பியும் இழுவை இல்லாமை, ஒயில் மட்டம் வாராவாரம் குறைவது, புதிய ஒயில் சில நாட்களிலேயே கருத்துக் கருகிய மணம் வீசுவது.

அளந்தே பார்க்க வேண்டுமென்றால் ஒயில் ஊற்றும் மூடிக்குப் பதிலாகப் பூட்டும் வெப்பமானி மூடிகள் கிடைக்கின்றன; பைக்கின் மூடிப் புரிக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்க வேண்டும். துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு வெப்பமானி கராஜில் இருந்தால் அதுவும் சரி. ஆனால் மினுங்கும் அலுமினியத்தில் நேரே பிடித்தால் அது உண்மையை விடக் குறைவாகவே காட்டும். ஒயில் தங்கும் அடிப்பகுதியில் மங்கலான கறுப்புப் பெயின்ற் கொஞ்சம் பூசிவிட்டு அந்த இடத்தில் அளவுங்கள்.

ஒயில் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும்?

ஓடிச் சூடான பிறகு 80 முதல் 110 வரை நல்லது. 120 ஐத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் சாதாரண மினரல் ஒயில் சீக்கிரம் கெட்டுவிடும். வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஒயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. கூலர் ஒன்று 10, 15 டிகிரி குறைத்துத் தந்தாலே அது பெரிய காரியமாவது இதனால்தான்.

குறையக் குறைய நல்லது என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒயிலுக்குள் சேரும் நீராவியும் எரியாத பெற்றோலும் ஆவியாகி வெளியேற அதற்குச் சூடு வேண்டும். எப்போதும் 60, 65 இல் ஓடும் எஞ்சினுக்குள் ஒயில் பால் கலந்ததுபோல் வெளிறிப்போகும்.

கூலர் வாங்குவதற்கு முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

கூலர் பூட்ட வேண்டும் என்று கராஜுக்கு வரும் பைக்குகளில் கணிசமானவை வேறு கோளாறோடு வருகின்றன. கூலரைப் பூட்டினால் அந்தக் கோளாறு மறைந்து கிடக்கும், போகாது.

முதலில் கார்பரேற்றருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள றப்பர் இணைப்பு. வெயிலில் காய்ந்து மயிரிழை மாதிரி வெடித்திருக்கும். அதற்குள்ளால் காற்றை உறிஞ்சினால் கலவையில் பெற்றோல் குறைந்து எஞ்சின் கொதிக்கும். எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த றப்பரைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் கள்வன் அங்கேதான். பிளக்கைக் கழற்றிப் பார்த்து, முனை சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

பிறகு வால்வ் இடைவெளி. இறுகிப்போன வால்வ் சரியாக மூடாது. எரியும் வாயு அதற்குள்ளால் கசிந்து ஹெட்டைச் சுடும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பின் சக்கரத்தை நடு ஸ்ராண்டில் கையால் சுற்றிப் பாருங்கள். செயின் இறுக்கம், கிளச் வழுக்கல், ரயர் காற்று. சிலிண்டரின் செதில்களுக்குள் ஒயிலும் புழுதியும் சேர்ந்து இறுகிய பூச்சு இருந்தால் மண்ணெண்ணெயும் தூரிகையும் எடுத்துக் கழுவுங்கள். வயல் பக்கம் ஓடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்: தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் றோட்டோரம் நெல் காயப்போட்டிருப்பார்கள், அந்தப் பதரும் தூசியும் ஒயில் ஈரம் கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடு இறங்கவில்லை என்றால் கீழே வாசியுங்கள்.

எந்த எஞ்சினில் ஒயிலை வெளியே எடுக்க முடியும்?

தலையாய கேள்வி இதுதான். பலர் இதைக் கேட்காமலே கூலரை வாங்கி வந்துவிடுகிறார்கள். பம்ப் அழுத்தத்தோடு தள்ளும் ஒயிலை எடுக்க எஞ்சினில் ஒரு வாசல் வேண்டும். வாசல் மூன்று விதமாகக் கிடைக்கலாம்.

சில எஞ்சின்களின் ஹெட்டிலோ சிலிண்டரிலோ கம்பனியே விட்ட துளைகள் சிறிய போல்ட்டால் அடைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் திறந்து ஹோஸைப் பூட்டலாம்; இது மிகச் சுலபம். சில பழைய ஜப்பான் எஞ்சின்களில் ஹெட்டுக்குப் போகும் ஒயில் குழாய் வெளியிலேயே தெரியும். அந்தக் குழாயை இடையில் வெட்டி கூலரைச் சேர்க்கலாம். மற்றது, கடதாசி பில்டர் உள்ள எஞ்சின்களில் பில்டர் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளும் வெளியும் போகும் இரு வாய்கள் கொண்ட மூடியைப் பூட்டுவது. இந்த மூடி உங்கள் மொடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். 'எல்லாவற்றுக்கும் சரிவரும்' என்று விற்கும் மூடிகளில் உள் தடுப்பு சரியாக அமராமல், ஒயில் கூலருக்கும் போகாமல் பில்டருக்கும் போகாமல் குறுக்கு வழியில் ஓடிவிடும். வெளியே பார்க்க ஹோஸ் எல்லாம் அழகாக இருக்கும்.

ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர், சீடி டோன் போன்றவற்றில் கடதாசி பில்டரே இல்லை. கிராங்கின் நுனியில் சுழலும் கிண்ணமும் ஒரு கம்பி வலையும்தான் அழுக்கைப் பிடிக்கின்றன. அவற்றில் வாசல் தேடி எஞ்சினின் வெளிக்கூடான கேசிங்கில் துளை போடச் சொல்லும் ஆளிடமிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

முழு ஒயிலும் கூலருக்குள்ளால் போக வேண்டுமா, ஒரு பகுதி போதுமா?

இரண்டு முறையும் உண்டு. முழு ஒயிலும் கூலருக்குள்ளால் போய்த்தான் ஹெட்டுக்கு ஏறும் என்றால் குளிர்ச்சி நன்றாக வரும். ஆனால் கூலர் அடைத்தாலோ ஹோஸ் மடங்கினாலோ ஹெட்டுக்கு ஒயில் நின்றுவிடும். வால்வைத் திறக்கும் கேம் சாப்ற் சில நிமிடங்களில் போய்விடும். ஒரு பகுதியை மட்டும் கிளையாகப் பிரித்து கூலர் வழியே எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் இடத்துக்கு விட்டால் அந்த ஆபத்து இல்லை. அதற்குப் பதிலாக, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மேலே போக வேண்டிய அழுத்தம் குறையலாம். சிறிய பம்ப் உள்ள 150 சீசீ எஞ்சினுக்குக் கிளை முறையில் வாயைச் சிறிதாக வைத்துப் பூட்டுவதே என் விருப்பம். பில்டர் மூடி வழியாகப் பூட்டினால் தெரிவு உங்கள் கையில் இல்லை, முழு ஒயிலும் போகும். அப்போது குழாய்த் துவாரம் குறுகாத கூலராகப் பார்த்து எடுங்கள்.

எந்த ஹோஸ் பாவிக்கலாம்?

பெற்றோல் பைப் கூடாது. தண்ணீர் ஹோஸ் கூடவே கூடாது. மீன் தொட்டிக்குக் காற்று விடும் தெளிவான குழாயைப் பூட்டி ஓடிய பைக்கும் ஊரில் இருந்தது. அதைப்பற்றி இங்கே எழுதி என்ன.

ஒயிலுக்கென்று செய்த, துணி அல்லது உருக்குப் பின்னல் உள்ள நைற்றைல் றப்பர் ஹோஸ் வேண்டும். உள்விட்டம் 8 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் சிறிய எஞ்சின்களுக்குப் போதும். உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகள் விவசாயப் பகுதிகளில் உண்டு. இரு முனையிலும் பிற்றிங்கை மெஷினில் அழுத்தி வாங்கிவிட்டால் கிளிப் தேவையே இல்லை. ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: சாதாரண ஒற்றைப் பின்னல் ஹைட்ரோலிக் ஹோஸின் வெப்ப எல்லை 100 டிகிரி. அழுத்தத்தை அது நமக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு தாங்கும், சூட்டை அப்படித் தாங்காது. 120, 150 டிகிரி என்று அச்சிட்ட ரகம் இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் அந்த ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பொருளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிப் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் குழாயின் முனையில் வரம்பு இருக்க வேண்டும். வழுவழுப்பான குழாயில் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் கழன்றுவிடும். கூலரையும் ஹோஸையும் விலை பார்த்தால், ஹோஸும் பிற்றிங்கும் கூலரைத் தாண்டிவிடுவதும் உண்டு. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

பூட்டிய இடத்தில் ஒயில் கசிகிறது. இன்னும் இறுக்கலாமா?

நிறுத்துங்கள். அலுமினியக் கேசிங்கில் புரி போனால் கதை நீண்டுவிடும்.

நடுவில் துளையுள்ள போல்ட்டும் அது புகும் வளையமும் சேர்ந்த இணைப்பைத்தான் கராஜில் பான்ஜோ என்பார்கள். அதற்கு இரண்டு செப்பு வொஷர் வேண்டும்: போல்ட் தலைக்கும் வளையத்துக்கும் நடுவே ஒன்று, வளையத்துக்கும் கேசிங்குக்கும் நடுவே ஒன்று. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறந்தால் என்ன இறுக்கினாலும் கசியும். செம்பு மெதுமையாக இருக்கும்போது நசுங்கி, மேற்பரப்பின் கீறல்களை நிரப்பும். ஒருமுறை நசுங்கியது கடினமாகிவிடும். அடுத்த தடவை அது நிரப்பாது. ஆகவே கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிய வொஷர். கைக்குக் கிடைக்காத இடத்தில் நின்றால், பழையதை ஒரு கம்பியில் கோர்த்து காஸ் அடுப்புச் சுவாலையில் செந்நிறமாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு இப்படிச் செய்தால் கடினமாகும். செம்பு மறுபடி மெதுமையாகும். கறுப்புப் படையை நுண்ணிய அரத்தாளில் தேய்த்துவிட்டுப் பூட்டலாம்.

இறுக்கும்போது வளையம் போல்ட்டோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். ஹோஸை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் இறுக்குங்கள். முறுகிய நிலையில் நிற்கும் ஹோஸ் அதிர்வில் தானே போல்ட்டைத் தளர்த்தும். சீல் ரேப்பைப் புரியில் சுற்றவே வேண்டாம். அதன் துணுக்கு ஒன்று பிரிந்து போய் ஒயில் துவாரத்தை அடைத்தால் கசிவே மேல் என்று ஆகிவிடும்.

கூலரை எங்கே பூட்டுவது?

முன் சக்கரத்துக்குப் பின்னால், பிரேமின் இறங்கு குழாயில், நேரே காற்றுப் படும் இடத்தில். ஆனால் சிலிண்டர் ஹெட்டுக்கு நேர் முன்னால் வேண்டாம். ஒயிலைக் குளிரவைக்கப் போய் ஹெட்டின் செதில்களுக்கு வரும் காற்றை மறித்தால் லாபம் ஏது? ஹெட்டுக்குக் கொஞ்சம் மேலே, அல்லது ஒரு பக்கமாக வையுங்கள்.

பூட்டியதும் ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டிப் பாருங்கள். முன் போர்க்கை இரண்டு ஆட்கள் சேர்ந்து அமுக்கி, மட்கார்ட் எங்காவது படுகிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் விழும்போது போர்க் கடைசி வரை இறங்கும். சைலன்சர் குழாய்க்கும் ஹோஸுக்கும் இடையில் இடைவெளி தாராளமாக விடுங்கள். கூலரின் பாரத்தை ஹோஸ் சுமக்கக் கூடாது. தகட்டில், றப்பர் புஷ் வைத்துப் பூட்ட வேண்டும். பிளாஸ்ரிக் டையால் கட்டிவிட்டுப் போகிறவர்கள் அடுத்த மாதம் திரும்பி வருவார்கள். லெக் கார்ட்டில் பக்கவாட்டில் பூட்டினால் பார்க்க எடுப்பாக இருக்கும், பைக் ஒருதரம் சரிந்தால் முதலில் அடிபடுவதும் அதுதான்.

ஹோஸ் வாய்கள் மேலே பார்க்கும்படி வைப்பது நல்லது. கீழே பார்த்தால் மேற்பகுதியில் காற்று சிக்கி நிற்கும்.

பாவித்த கூலர் வாங்கலாமா?

வாங்கலாம், ஒரு கேள்வி கேட்டுவிட்டு: எந்த எஞ்சினிலிருந்து கழற்றியது? பிஸ்டன் பிடித்த, பெயரிங் உடைந்த எஞ்சினில் இருந்த கூலருக்குள் உலோகத் தூள் தங்கியிருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் முழுதாகப் போகாது; உங்கள் எஞ்சினுக்குள் வந்து சேரும். நல்லது என்று தெரிந்தால் மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி, இரு பக்கமிருந்தும் மாறி மாறி ஊற்றி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். மினுக்கம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு வாயை அடைத்து மற்றதில் மெதுவாகக் காற்றடித்துத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினால் ஓட்டை இருப்பது குமிழியில் தெரியும்.

பூட்டி முடிந்ததும் முதல் தடவை எப்படி ஸ்ராட் பண்ணுவது?

கூலரும் ஹோஸும் வெறுமையாக இருக்கின்றன. அவை நிறையும்வரை எஞ்சின் வறட்சியில் ஓடும். ஆகவே பூட்டும்போதே கூலருக்குள் ஒயில் ஊற்றி நிரப்பிவிடுங்கள். பிறகு பிளக் தொப்பியைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கைச் சொருகி எஞ்சினில் தொடுத்து வைத்துவிட்டு, கிக்கரையோ ஸ்ராட்டரையோ இடைவெளி விட்டு விட்டு இயக்குங்கள். திரும்பும் ஹோஸின் பான்ஜோவைச் சற்றுத் தளர்த்தி வைத்தால், காற்று வெளியேறி ஒயில் வருவதைக் கண்ணாலேயே காணலாம். வந்ததும் இறுக்கி, ஸ்ராட் பண்ணி, மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, நிறுத்திச் சில நிமிடம் கழித்து மட்டம் பாருங்கள். குறைந்திருக்கும், ஊற்றுங்கள்.

8 மில்லிமீற்றர் ஹோஸ் ஒரு மீற்றருக்கு 50 மில்லிலீற்றர் பிடிக்கும். கூலரோடு சேர்த்து 100 முதல் 200 மில்லிலீற்றர் கூடுதலாகப் போவது வழமை. ஒரு லீற்றர் கொள்ளும் எஞ்சினுக்கு அதுவே தனி நன்மை.

என்ன ஒயில் ஊற்ற வேண்டும்?

கம்பனிக் கைநூலில் சொன்ன கனம்தான். கூலர் பூட்டியதால் மாற்ற வேண்டியதில்லை. ஒயிலுக்குள் முங்கிய கிளச்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி, ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2, போத்தலில் இருக்கிறதா என்று பாருங்கள். காருக்கான ஒயில் மலிவாகக் கிடைத்தாலும், அதில் உரசலைக் குறைக்கச் சேர்த்த பொருட்கள் இருந்தால் கிளச் வழுக்கும், வழுக்கினால் சூடு, பிறகு கூலர் எதற்கு?

கடற்கரைப் பக்கம் இருக்கிறோம். உப்புக் காற்று கூலரை அரிக்காதா?

அரிக்கும். கச்சான் காலத்தில் காற்று தரையிலிருந்து வரும், புழுதிதான் தொல்லை. மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்று கடலிலிருந்து உப்பைத் தூக்கி வந்து நிலாவெளி, குச்சவெளி றோட்டில் நேரே முகத்தில் அறையும். செதில்களில் வெள்ளை மா மாதிரிப் படிந்தால் அலுமினியம் கரையத் தொடங்கிவிட்டது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரைச் சாதாரணக் குழாயால் மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும். சேர்விஸ் ஸ்ரேஷனில் பிரஷர் கன்னைக் கூலருக்கு நேரே பிடிக்க விடாதீர்கள். செதில்கள் மடிந்து மூடிக்கொள்ளும். மடிந்தவற்றை மெல்லிய தட்டைத் திருப்பி ஒன்றால் பொறுமையாக நிமிர்த்தலாம்.

இரும்புத் தகடும் அலுமினியமும் நேரே தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். நடுவில் றப்பர், போல்ட்டில் கிறீஸ். கறுப்புப் பெயின்ற் அடிப்பதானால் மெல்லிய ஒரு பூச்சு. தடித்தால் சூடு வெளியேறாது.

மாரி காலத்தில் கூலரை மூடிவிட வேண்டுமா?

நெடுந்தூரம் ஓடுகிறவருக்குத் தேவையில்லை. வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிறவரின் ஒயில் மழை நாட்களில் சூடாகவே மாட்டாது. ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மஞ்சள் வெண்ணெய் மாதிரிக் கண்டால், கூலரின் முன்பக்கம் பாதியை ஒரு தகட்டால் மறைத்துவிடுங்கள். 80 டிகிரி அளவில் திறக்கும் தேர்மோஸ்ராற் உள்ள இணைப்பு வாங்கிப் பூட்டினால் இந்தக் கவலையே இல்லை.

ஸ்கூட்டிக்குப் பூட்டலாமா?

வேண்டாம். அதில் விசிறியே காற்றடிக்கிறது. விசிறி மூடிக்குள் குப்பை அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

வாரண்டி போய்விடுமா?

வாரண்டி முடியாத பைக்கில் எஞ்சினின் ஒயில் வழியில் கை வைத்தால் பிறகு எஞ்சின் பழுதுக்கு அவர்கள் பொறுப்பெடுக்க மறுக்கலாம். ஏஜென்சியில் முதலில் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் ஹோஸ் வெடித்துவிட்டால் என்ன செய்வது?

காலில் சூடாக ஏதோ தெறித்தாலோ எஞ்சின் பக்கம் புகை கண்டாலோ அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்போம் என்பது இங்கே சரிவராது. பம்ப் ஒயிலை றோட்டில் ஊற்றிக்கொண்டிருக்கும்; அது பின் ரயரிலும் படும். பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல், நேராக ஓரம் கட்டுங்கள். ரயரில் பட்டிருந்தால் மணலும் துணியும் கொண்டு துடைத்த பிறகே ஏறுங்கள்.

கூலரைச் சுற்றிக் கடந்து போகும் ஒரு குறுக்கு ஹோஸை முன்கூட்டியே செய்து வைத்திருந்தால் வேலை சுலபம்: எஞ்சினிலிருந்து வெளியே வரும் வாயையும் திரும்பும் வாயையும் அதனால் நேரே இணைத்துவிட்டு, ஒயில் ஊற்றி, கூலர் இல்லாமலே வீடு வரலாம். அந்த ஹோஸ், நான்கு செப்பு வொஷர், பொருந்தும் ஸ்பனர், ஒரு லீற்றர் ஒயில். சீற்றுக்கு அடியில் இடமில்லை என்றால் பையில் வையுங்கள். அந்தப் பக்கம் பொழுது பட்டால் யானை றோட்டுக்கு வரும். இருட்டில் நின்று ஹோஸ் கழற்றுவதைவிட, போகிற லொறி ஒன்றை மறித்து பைக்கை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.